ஒன்பது பேருக்கு ஒரு பிறந்தநாள்

மேசையின் மேல் மூன்று பாடசாலை விடுகைப் பத்திரங்களை அந்த அதிகாரி அருகருகே வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் ஒன்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். மற்ற இரண்டையும் விரல்களால் அழுத்திக்கொண்டார்.

நான் வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ ஆளாக நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. மூன்றிலும் இருந்தது என் கையெழுத்து.

வவுனியாவில், நெளுக்குளத்துக்குக் கிட்ட, நீளமான ஒரு கட்டடம். போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்து வருகிறவர்களை விசாரித்து, பாஸ் கொடுத்து, நகரத்துக்குள் விடும்வரை அங்கேதான் இருத்தி வைப்பார்கள். தகரக் கூரை. உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தோம். ஈரப் பாய் மணமும் கிருமிநாசினி மணமும் கலந்து கிடந்தன.

மேசைக்கு முன்னால் நின்றவள் புஷ்பராணி. பத்தொன்பது வயது, என் பழைய மாணவி. பக்கத்தில் அவளுடைய தாய் மாரியம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி நின்றார்.

அதிகாரி சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"போன கிழமை ரெண்டு பேர் இதால போனவை. அவையின்ர கடதாசியின்ர பிரதிகள்தான் இந்த ரெண்டும். மூண்டாவது உம்முடையது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே எழுத்து, ஒரே பிறந்த திகதி. ஜனவரி பதினாலு. அதெப்பிடி மூண்டு பேரும் ஒரே நாளில பிறக்கிறது?"

"தெரியாதுங்க. எனக்கு அதுதான் பொறந்தநாள்" என்றாள் புஷ்பராணி.

மொழிபெயர்ப்பாளர் தாயைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்கோ. மகள் எப்ப பிறந்தவா?"

மாரியம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சூரன் போர் அன்னைக்குங்க. ஐப்பசி மாசம்" என்றார்.

தாய் ஒன்று சொல்ல, மகள் ஒன்று சொல்ல, கடதாசி மகளின் பக்கம் நின்றது. அதிகாரி சத்தம் போடவில்லை. மூன்று பத்திரங்களையும் ஒரு கோவைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் உரத்துக் கேட்டார்:

"இந்தப் பள்ளிக்கூடத்தைத் தெரிஞ்ச ஆராவது இங்க இருக்கிறீங்களோ?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். போன வாரம் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதும்போது, என் பிறந்தநாள் பொங்கலன்று என்று ஒரு வரி தவறி விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தத் திகதியின் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வெறும் கட்டங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். வட்டக்கச்சிக்கு அப்பால், வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் பாடசாலை இருந்தது. கிடுகுக் கூரை, அரைச்சுவர், மழை பெய்தால் ஒரே வகுப்பு. நான் அங்கே தொண்டராசிரியை. என்றைக்காவது நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் படிப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர்.

பிள்ளைகளில் பாதிப்பேர் என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள். மறுபாதி, கலவரங்களுக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள். காட்டோரக் கொட்டில்களில் பிறந்தவர்கள். பிறப்பைப் பதிவதற்குப் பதிவாளர் இருக்கும் இடம் தெரியாது. தெரிந்தாலும் அவர் கேட்கும் கடதாசிகள் தோட்டத்தோடு போய்விட்டன.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு விண்ணப்பம் வந்தது. பழைய மாணவர் பதிவேட்டைக் கறையான் தின்றிருந்தது. புதிய பதிவேடு எழுதி, அதிலிருந்து விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஒன்பது பிள்ளைகளின் பிறந்த திகதிக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அதிபரை எல்லோரும் பெரிய சேர் என்போம். "நாளைக்குப் பின்னேரத்துக்கிடையில விண்ணப்பம் போகவேணும் பிள்ளை. தாய்மாரைக் கூப்பிட்டுக் கேளும்" என்றார்.

கேட்டேன். வேப்பமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"இவங்க அப்பா கொட்டில் போட்டு முடிச்ச அன்னைக்கு ரீச்சர்."

"மழை விட்டு ஒரு பத்து நாளு இருக்கும்."

"மாடு கன்னு போட்டுச்சில்ல, அதுக்கு மறுநாளு."

எந்த மழை, எந்த மாடு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மாரியம்மா மட்டும் திடமாகச் சொன்னார். "சூரன் போர் அன்னைக்கு சாயங்காலம். கோயில் மேளம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சூரன் தலை விழுந்திச்சுன்னு சொன்னாங்க, இவளும் விழுந்தா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் சூரன் போர் ஒவ்வொரு வருடமும் ஒரே ஆங்கிலத் திகதியில் வருவதில்லை. பத்து வருடத்துக்கு முந்திய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்திருந்தால் அந்த நாளைக் கண்டுபிடித்திருக்கலாம். கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய் ஒரு கோயிலில் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் இல்லாத ஒன்றை ஒருத்திக்கு மட்டும் தேடுவானேன் என்று நினைத்தேன் போலும்.

பெரிய சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு திகதியைப் போடும். வெறுமையா விட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். பிள்ளையள் சோதினை எழுதவேணும்."

"எந்தத் திகதி சேர்?"

"உமக்கு விருப்பமானது."

எனக்கு விருப்பமானது

எங்கள் வீட்டில் ஜனவரி பதினாலு ஏற்கனவே நெரிசலான நாள்.

அப்பா குடியேற்றக் காணிக்கு வந்து, காடு வெட்டி, அடிக்கட்டைகள் புகைந்துகொண்டிருக்கும்போதே அங்கே முதல் பொங்கல் பொங்கினாராம். சில வருடங்கள் கழித்து இன்னொரு பொங்கலன்று, பானை பொங்குவதற்குள் அம்மாவுக்கு வலி வந்து நான் பிறந்தேன். எண்பதுகளில் ஒரு பொங்கல் முடிந்த கையோடு பெரியண்ணன் வெளிநாட்டுக்குப் போனார். பானையை இறக்கியதும் குளித்து, நெற்றியில் திருநீற்றோடு வாகனத்தில் ஏறினார். அதன் பிறகு அம்மா அந்த நாளில் சர்க்கரைப் பொங்கலை வாயில் வைப்பதில்லை.

ஆகவே என் பிறந்தநாள் என்று தனியாக ஒன்று இருந்ததே இல்லை. அம்மா என் நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வார். ஆங்கிலத் திகதி பாடசாலைக்கு மட்டும் உரியது. சின்ன வயதில் அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் நான் ஒருபோதும் இனிப்புச் சாப்பிடாமல் இருந்ததில்லை.

பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். எவ்வளவு இல்லாத வீட்டிலும் பொங்கலன்று ஒரு பானை அடுப்பில் ஏறும். அந்த நாளில் பிறந்ததாக இருந்தால், பிறந்தநாளுக்கு ஒரு கவளம் இனிப்பாவது கிடைக்கும்.

ஒன்பது கட்டத்திலும் ஜனவரி பதினாலு என்று எழுதினேன். வருடத்தைப் பெரிய சேர் பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்துச் சொன்னார்.

நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். சோம்பலும் அதில் இருந்தது.

பப்பாசிக் கேக்

அடுத்த பொங்கலன்று பின்னேரம் வீட்டு வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் ஒன்பது பேரும் நிற்கிறார்கள். முன்னால் புஷ்பராணி, இரண்டு கையாலும் ஒரு பழுத்த பப்பாசிப் பழத்தை ஏந்திக்கொண்டு.

"ரீச்சர், எங்க எல்லாருக்கும் இன்னைக்குப் பொறந்தநாளாமே. பெரிய சேர் பொஸ்தகத்துல இருக்காம்."

"ஆர் சொன்னது?"

"நாங்களே பாத்தோம். உங்களுக்கும் இன்னைக்குத்தானாமே?"

அது பொருளாதாரத் தடைக் காலம். மெழுகுதிரி இல்லை, சீனி அருமை. பப்பாசியைத் தட்டில் வைத்து, அதன் மேல் ஒன்பது ஈர்க்குகளைக் குத்தி நிறுத்தினார்கள். நெருப்பு இல்லாத ஈர்க்குகளை ஒன்பது பேரும் சேர்ந்து ஊதினார்கள். புஷ்பராணி கத்தியை வாங்கிப் பழத்தைப் பத்தாக வெட்டினாள். பத்தாவது துண்டு எனக்கு.

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. சில வருடம் பப்பாசி, ஒரு வருடம் கெக்கரிக்காய். அம்மா முதலில் முகம் சுழித்தார். பிறகு அவரே அவர்களுக்கென்று பனங்கட்டி போட்டு ஒரு தனிப் பானை வைக்கத் தொடங்கினார். பிள்ளைகள் தனக்கு முன்னால் உட்கார்ந்து விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு வருடம் பொங்கல் பதினைந்தாம் திகதி வந்தது. பெரிய வழக்கு. பிறந்தநாள் நேற்றா, இன்றா? இரண்டு கட்சியாகப் பிரிந்து என்னிடம் வந்தார்கள். பொங்கலை விட்டுப் பிறந்தநாள் இல்லை என்று ஒரு கட்சி. பொஸ்தகத்தில் பதினாலு என்றுதான் இருக்கிறது என்று மறு கட்சி. இரண்டு நாளும் கொண்டாடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். ஆனால் ஒரு பப்பாசிதான் இருந்தது.

தாய்மாரும் அந்தத் திகதியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மாரியம்மா ஒரு நாள் வயல் வரம்பில் என்னைக் கண்டு சொன்னார்: "நீங்க குடுத்த தேதி எம்புள்ளைக்கு ராசியா இருக்கு ரீச்சர். காய்ச்சல்கூட வாறதில்ல."

முத்தையாவின் கால்

பிறகு சண்டை வந்து கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. நாங்களும் அவர்களும் வேறு வேறு பாதையில் போய், கடைசியில் எல்லோரும் புதுக்குடியிருப்புப் பக்கம் சேர்ந்தோம். மரங்களுக்குக் கீழே பாடசாலை நடந்தது. பெரிய சேர் மாணவர் பதிவேட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் விடுகைப் பத்திரங்களை எழுதினோம். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்ததால் நான் எழுதுவேன், அவர் கையொப்பம் வைப்பார். அங்கே வந்து இரண்டாம் வருடம் அவர் காலமானார்.

புஷ்பராணி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் முத்தையா கூலிக்கு வரம்பு கட்டுகிறவர். ஒரு நாள் மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. புண் ஆறவில்லை, கறுக்கத் தொடங்கியது. நோயாளர் வண்டியில் அவரை வவுனியா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். கூடப் போக ஒருவருக்கும் இடம் இல்லை.

தாய்க்கும் மகளுக்கும் போவதற்கு அனுமதி கிடைக்கப் பல நாள் ஆனது. அது கிடைத்த அதே கிழமை எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தொண்டராசிரியர்களுக்கு வவுனியாவில் நேர்முகத் தேர்வு. ஒன்பது வருடமாக நான் காத்திருந்த கடிதம் அது.

மூவரும் சேர்ந்தே புறப்பட்டோம். உழவு இயந்திரத்தில் பாதி, நடை பாதி. வழியெல்லாம் மாரியம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "கால எடுத்துருவாங்களா ரீச்சர்?"

"எடுக்கமாட்டினம் அம்மா. பெரியாஸ்பத்திரிதானே."

என் சான்றிதழ்க் கோவையும் புஷ்பராணியின் பையில்தான் இருந்தது. சேறு படாமல் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு நாள்

இனித் திரும்பவும் அந்த மண்டபத்துக்கு வருகிறேன்.

"இந்தப் பள்ளிக்கூடத்தைத் தெரிஞ்ச ஆராவது இங்க இருக்கிறீங்களோ?" என்று கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. புஷ்பராணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாளா, நானாகச் சொல்வேன் என்று நினைத்தாளா, தெரியாது. பெண் பொலிஸ் இருவர் வந்து அவளை அலுவலகப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் கணக்கு சுலபமானது. நேர்முகத் தேர்வு நாளை மறுநாள் காலை. அரசாங்கப் பதிவேட்டில் மனம்போனபடி திகதி எழுதினேன் என்று ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு ஆசிரிய நியமனம் கேட்பது? என்னையும் பிடித்து வைத்தால்? புஷ்பராணியை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு பிழையும் இல்லையே. இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதை மட்டும் தவிர்த்தேன்.

பின்னேரம் மாரியம்மா என் பாயருகே வந்து உட்கார்ந்தார்.

"ரீச்சர், நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

"நான் கேட்டுப் பாக்கிறன் அம்மா" என்று எழுந்தேன்.

அலுவலகக் கதவுவரை நடந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அதிகாரி யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"இண்டைக்கு ஆரையும் சந்திக்கமாட்டினமாம்."

"அப்ப நாளைக்குப் பாப்போம். நீங்க சாப்புடுங்க" என்றார் மாரியம்மா.

"இப்ப நாலு"

மறுநாள் காலை என் பெயரைக் கூப்பிட்டார்கள். பாஸ் துண்டைத் தந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளியே வான் ஒன்று நகரத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது.

பின்னால் மாரியம்மா ஓடி வந்தார். காலைச் சாப்பாட்டுக்குத் தனக்குக் கொடுத்த பணிஸை ஒரு பேப்பர்த் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"வெறும் வயித்தோட போகாதீங்க ரீச்சர். ஆசுபத்திரில அவரப் பாத்தா, நாங்க கிட்ட வந்துட்டோம், ரெண்டு நாள்ல வந்துருவோம்னு சொல்லுங்க. பயந்துக்கிட்டு இருப்பாரு."

பணிஸை வாங்கிக்கொண்டேன். வானில் ஒரு காலை வைத்தேன். நடத்துனர், "ஏறுங்கோ அக்கா" என்றார்.

"நீங்க போங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏதோ பெரிய தீர்மானம் எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்று, உங்கள் மனைவியும் மகளும் கிட்ட வந்துவிட்டார்கள் என்று சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவுதான்.

அதிகாரியின் மேசைக்கு நேரே போனேன். "நேற்று நீங்கள் கேட்ட பாடசாலை என்னுடையது. அந்தத் திகதிகளை எழுதினது நான்தான்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்.

கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கறையான் தின்ற பதிவேடு, பரீட்சை விண்ணப்பம், தாய்மார் சொன்ன மழை, மாடு எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார்.

"ஏன் ஜனவரி பதினாலு?"

"அது பொங்கல். அதோட என்ர பிறந்தநாள்."

என் அடையாள அட்டையைக் கேட்டார். வாங்கிப் பார்த்தார். அந்த மூன்று பத்திரங்களையும் கோவையிலிருந்து எடுத்து, அவற்றின் பக்கத்தில் என் அட்டையையும் வைத்தார். முதன்முறையாக அவரே தமிழில் ஒரு வார்த்தை சொன்னார்.

"இப்ப நாலு."

சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. தொலைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார். இன்னொரு அதிகாரி வந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஒரு வெள்ளைக் கடதாசியைத் தந்து, புஷ்பராணியின் முழுப் பெயரையும் திகதியையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "திரும்பவும் எழுதுங்கோ" என்றார் மொழிபெயர்ப்பாளர். மூன்று தரம் எழுதினேன். என்னுடைய 'ஜ' எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். பத்திரத்தில் இருந்ததும் சாய்ந்துதான் இருந்தது.

"வேற ஆருக்கு இந்தத் திகதி போட்டனீங்க?"

ஒன்பது பெயரையும் பதிவேட்டு வரிசைப்படி சொன்னேன். ஒவ்வொரு நாளும் வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிட்ட வாய்க்கு அது மறக்காது. போன கிழமை கடந்துபோன இருவரின் பெயர்களும் அதில் வந்தபோது, இரண்டாவது அதிகாரி கோவையைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதையெல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். என் பாஸ் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

புஷ்பராணியை அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். என்னை அதற்கும் அடுத்த நாள். நேர்முகத் தேர்வு நடந்த காலையில் நான் அந்தத் தகரக் கூரையின் கீழே பாயில் உட்கார்ந்திருந்தேன்.

வெறுமையான கட்டில்

தாயும் மகளும் வைத்தியசாலைக்குப் போனபோது முத்தையாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. புண் மேலே ஏறிவிட்டது என்று முதல் நாள் பின்னேரம் அவரைக் கண்டி வைத்தியசாலைக்கு மாற்றியிருந்தார்கள். புஷ்பராணி இருபத்திநான்கு மணித்தியாலம் முந்தி வெளியே வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பாள். அதாவது, கேட்ட அன்றைக்கே நான் வாய் திறந்திருந்தால்.

கண்டிக்குப் போக வேறு பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று கிழமை ஆனது. அதற்கிடையில் முத்தையாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சம்மதப் பத்திரத்தில் அவர் தனியாகக் கைநாட்டு வைத்திருக்கிறார். அவர் பிழைத்தார். ஊன்றுகோலோடு திரும்பி வந்து பல வருடம் இருந்தார். ஆனால் அந்த மூன்று கிழமையும் தன் மனைவியும் மகளும் வழியில் செத்துப்போனார்கள் என்றே நினைத்துக்கொண்டு கிடந்ததாகப் பிறகு சொன்னாராம்.

நான் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தபோது புஷ்பராணி கேட்டாள்: "ஏன் ரீச்சர் மொத நாளே சொல்லல?"

"போனனான். அண்டைக்கு ஆரையும் சந்திக்க விடேல்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

பழைய பஞ்சாங்கம்

வவுனியாவில் தங்கியிருந்த மாதங்களில் புஷ்பராணிக்குப் பிறப்புப் பதிவு எடுக்கும் வேலையில் இறங்கினேன். செய்த பிழைக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. காலம் கடந்த பதிவுக்கு ஒரு திகதி வேண்டும். மாரியம்மா மாறாமல் அதையே சொன்னார். சூரன் போர், பின்னேரம், மேளச் சத்தம்.

இந்த முறை தேடினேன். ஒரு கோயில் ஐயர் வீட்டு அலுமாரிக்கு மேலே பழைய பஞ்சாங்கங்கள் கட்டாகக் கிடந்தன. தூசி தட்டி எடுத்து, அந்த வருடத்தைப் பிரித்து, கந்தசஷ்டி ஆறாம் நாளுக்கு நேரே விரலை வைத்தார் ஐயர். பக்கத்திலேயே ஆங்கிலத் திகதி அச்சாகியிருந்தது. நவம்பர் மாதத்தின் நடுப்பகுதி. எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

வெளியே வந்து புஷ்பராணியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் ரெண்டு மாசம் மூத்தவ" என்றாள். பிறகு, "மத்தவங்களுக்கும் தேடிக் குடுங்க ரீச்சர். அவங்களும் இந்தப் பக்கம் வருவாங்கதானே" என்றாள்.

தேடினேன். கடிதம் எழுதி, ஆள் விட்டு, தாய்மாரிடம் திரும்பவும் கேட்டு, திருவிழா, கிரகணம், புயல் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துப் பிடித்து, புஷ்பராணியோடு சேர்த்து ஐந்து பேருக்குச் சரியான திகதியைக் கண்டுபிடித்தேன். மற்ற நான்கு பேருக்கும் இன்றுவரை ஜனவரி பதினாலுதான். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பொங்கல் வாழ்த்தோடு பிறந்தநாள் வாழ்த்தையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கு நியமனம் சில காலம் கழித்து, வேறொரு நேர்முகத் தேர்வில் கிடைத்தது. அந்த வாக்குமூலத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் பயந்தது நடக்கவே இல்லை.

பஸ் நிலையத்தில்

அந்தப் பத்தாண்டு முடிந்து, புதிய நூற்றாண்டின் முதல் வருடம். ஒரு சனிக்கிழமை வவுனியா பஸ் நிலையத்தில் புஷ்பராணியைக் கண்டேன். முன்பள்ளி ஆசிரியையாக வேலை செய்துகொண்டிருந்தாள். கையில் வர்ணக் கடதாசிச் சுருள்கள். அவளுடைய பஸ் வர நேரம் இருந்தது. இருவரும் சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்து கதைத்தோம். தகப்பனின் ஊன்றுகோல் தேய்ந்துவிட்டது, தாய்க்குக் கண் மங்குகிறது, இப்படி.

திடீரென்று கேட்டாள்.

"ரீச்சர், அந்தக் கதவு அன்னைக்கு முழுக்கத் திறந்துதான் இருந்துச்சு. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். நீங்க வந்து போர்டு பக்கத்துல நின்னத ஜன்னலால பாத்தேன்."

இரண்டு வருடத்துக்கு மேல் அவள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கோவம் எல்லாம் போயிருச்சு. ஆனா ஏன்னு மட்டும் எனக்கு விளங்கல. மறுநாள் வந்து எல்லாத்தையும் சொன்னீங்களே. அத ஏன் அன்னைக்கே சொல்லல?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை.

"எனக்கு நியமனம் வேணும் எண்டு யோசிச்சனான். வாக்குமூலம் குடுத்தால் அது இல்லாமல் போயிடும் எண்டு நினைச்சனான். உன்னை எப்பிடியும் விட்டிடுவினம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திட்டன்."

அவள் வர்ணக் கடதாசிகளை மடியில் வைத்து, கட்டியிருந்த நூலை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினாள். பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்தார்கள். அவள் அவசரப்படாமல் எழுந்தாள்.

"சரி ரீச்சர். சொன்னீங்களே, அது போதும்" என்றாள். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "இத அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. எம்புள்ளைக்காகப் பாஸையே திருப்பிக் குடுத்தாங்கன்னு உங்களப் பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க."

ஏறிப் போய்விட்டாள்.

இதுவரை சொல்லவில்லை. மாரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, முன்பும் வாசிக்கத் தெரியாது. இந்தத் தொடரை வாரா வாரம் அவருக்கு உரத்து வாசித்துக் காட்டுகிறவள் புஷ்பராணிதான். இந்த வாரத்தை வாசிப்பதா, பக்கத்தைத் திருப்பிவிடுவதா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.